எறும்பு வந்த வழி

நர்சரிக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். செடி வாங்க வருகிறவர்களுக்கும் அது தெரியும். அவர் கொடுத்த செடி லேசில் பட்டுப்போகாது என்பதால் அந்த வாயைப் பொறுத்துக்கொண்டு வந்துபோவார்கள். வீட்டுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் அடித்து, பிளாஸ்டிக் தாள் போர்த்திய பசுமைக்குடில் ஒன்று வைத்திருந்தார். உள்ளே நீள நீளமாக மேஜைகள், மேஜை கொள்ளாத தொட்டிகள். சாப்பிடவும் தூங்கவும்தான் அவர் வீட்டுக்குள் வருவார்.

அவருடைய அண்ணன் இறந்துபோன பிறகு அண்ணி இவர்கள் வீட்டோடு வந்துவிட்டார். வந்த புதிதில் யாரிடமும் அதிகம் பேசாமல் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலையில் டீ டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு குடிலுக்குள் போனார். அப்புறம் தினமும் போனார். பழுத்த இலையைக் கிள்ளுவார், வாடின தொட்டிக்குத் தண்ணீர் விடுவார். பழைய வீட்டிலிருந்து கூடவே தூக்கிவந்த பெரணித் தொட்டிகளைக் கடைசி மேஜையில் நிழலாகப் பார்த்து வைத்துக்கொண்டார். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. "அக்கா இன்னைக்குச் சிரிச்சாங்க" என்று நர்சரிக்காரரின் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் காதில் போட்டுக்கொண்டாரா என்பது சந்தேகம்தான்.

அந்தச் சமயத்தில்தான் எறும்பு வந்தது. முதலில் மேஜைக் காலில் ஒற்றைக் கோடாக ஏறியது. பிறகு தொட்டி விளிம்பில், தண்டில், இலைக்காம்பில் என்று பார்த்த இடமெல்லாம் ஊர்ந்தது. தொட்டியைத் தூக்கினால் அடியிலிருந்து முட்டையைக் கவ்விக்கொண்டு குடும்பத்தோடு ஓடியது. நர்சரிக்காரர் மருந்துப்பொடியைத் தூவினார். எறும்பு ஒருநாள் ஓய்வெடுத்துவிட்டு வேறு பக்கமாக ஏறியது.

பக்கத்துத் தெரு டீச்சர் அப்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு செடி பார்க்க வந்திருந்தார். ஆசையாக ஒரு தொட்டியை எடுத்தவர், "ஐயையோ!" என்று அதைப் போட்டுவிட்டுக் கையை உதறினார். தொட்டி உடைந்தது. மண் சிதறியது. கூட வந்தவர்கள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நர்சரிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் கடைசி மேஜையருகே அண்ணி, கையில் டம்ளர்.

"எல்லாம் இவங்களாலதான்! டீயைத் தூக்கிக்கிட்டு இங்க வர வேண்டியது, சர்க்கரைத் தண்ணியை மேஜை மேல சிந்த வேண்டியது. எறும்பு வராம என்ன பண்ணும்? பொழுது போகலன்னா வீட்டுக்குள்ள உட்கார்ந்து டிவி பாருங்க அண்ணி. என் பொழைப்புல கை வைக்காதீங்க!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று செடிகளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்கள். அண்ணி உடைந்த தொட்டித் துண்டுகளைக் குனிந்து பொறுக்கி ஓரமாக வைத்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மத்தியானம் பார்த்தபோது பெரணித் தொட்டிகளும் கடைசி மேஜையில் இல்லை. வீட்டின் பின்பக்கப் படிக்கட்டில், வெயிலில் இருந்தன.

அண்ணி வராத குடிலில் எறும்பு குறையும் என்று நர்சரிக்காரர் எதிர்பார்த்தார். அதுவோ இன்னும் மும்முரமாக வேலை பார்த்தது. எங்கேதான் போகிறது பார்த்துவிடலாம் என்று ஒருநாள் மண்டிபோட்டு உட்கார்ந்து கோட்டைப் பின்தொடர்ந்தார். மேஜைக்கு அடியில் புகுந்து, குழாயை ஒட்டி வளைந்து, அது எலுமிச்சைக் கன்றுகளில் ஏறியது. ஒரு இலையைப் புரட்டினார். நரம்போடு நரம்பாக வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பியிருந்தது. அது கழித்த இனிப்பு நீர் கீழ் இலைகளில் பிசுபிசுவென்று மின்னியது. அதைக் குடிக்கத்தான் இத்தனை ஊர்வலமும்.

அந்தக் கன்றுகளை மொத்தக் கடையிலிருந்து கொண்டுவந்தவர் அவரேதான். புதுச் செடியை உடனே மற்றதோடு சேர்க்கக் கூடாது, கொஞ்சநாள் வெளியில் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பாடம் எடுப்பார். அன்றைக்கு மழை வரும்போல் இருந்ததால், சோம்பல்பட்டு நேராக உள்ளே இறக்கிவிட்டார்.

யாராவது பார்க்கிறார்களா என்று வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு அப்படிப் பார்த்ததற்கே கூசினார்.

பூச்சியைக் கழுவலாம். எறும்புக்கு, கேரம் போர்டில் போடுகிற போரிக் பவுடரைச் சர்க்கரைப் பாகில் துளி கலந்து வைத்தால் கூட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றுக்கும் ஊட்டிவிடும், கூட்டமே ஒழியும். சமையலறைக்குப் போய், "சர்க்கரை எங்க?" என்றார்.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"எறும்புக்கு."

மனைவி டப்பாவை எடுத்துவந்து மேடையில் 'ணங்' என்று வைத்தாள். "எறும்புக்குக் குடுங்க. இந்த வீட்ல சர்க்கரை சேர்க்காதவங்க பேர்ல பழியைப் போடுங்க."

"யார் சேர்க்காதவங்க?"

"அக்காவுக்குச் சுகர். உங்க அண்ணன் இருந்தப்பவே மாத்திரை போட்டாங்க. நான் தினமும் போட்டுக் குடுக்கறது வெறும் டீ. ஒரு வீட்ல இருக்கோம், இதுகூட உங்களுக்குத் தெரியாதா?"

நர்சரிக்காரர் டப்பாவின் மூடியைத் திறந்து, மறுபடி மூடினார். போன மாதம் கேக் வாங்கிவந்து அண்ணியிடம் நீட்டினதும், அவர் வேண்டாம் என்றதும், "எங்க வீட்டுதுன்னா எறங்காதோ?" என்று இவர் கேட்டதும் நினைவுக்கு வந்தது. உடனே அண்ணி ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"நீ ஏன் அன்னைக்கே என்கிட்ட சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'விடு, தெரிஞ்சா ரொம்பக் கூசிப்போயிடுவான்'னாங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அண்ணியிடம் பேசிவிட வேண்டும் என்று படிக்கட்டு வரை போனார். அண்ணி பெரணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டு இலை நுனியெல்லாம் கருகியிருந்தது. நர்சரிக்காரர் செருப்பைத் தேடுவதுபோல் அங்கே இங்கே பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பினார். அடுத்தடுத்த நாட்களும் இப்படியேதான் போயின; பாகு வைத்து எறும்பை விரட்டினார், எலுமிச்சையைக் கழுவத்தான் மனம் ஓடவில்லை. சாப்பாட்டுத் தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவே முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் டீச்சர் ரோஜாச் செடி கேட்டு வந்தார். படிக்கட்டில் அண்ணியைப் பார்த்ததும் விளையாட்டாக, "என்னம்மா, எறும்பு உங்களைத் தேடிக்கிட்டு இங்கேயும் வந்துடுச்சா?" என்றார். அண்ணி சிரித்தார். குடில் வாசலில் நின்ற நர்சரிக்காரர் வாயைத் திறந்தார். "ரோஜா உள்ள இருக்கு டீச்சர்" என்பதுதான் வந்தது.

உள்ளே வந்த டீச்சர் மேஜைக் கால்களுக்கு அடியில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணங்களைப் பார்த்தார். "பரவாயில்லையே, எறும்பைக் காணோம். அவங்களை வெளிய அனுப்பினதும் சரியாப் போச்சு, இல்ல?"

நர்சரிக்காரருக்குக் காது இரண்டும் சுட்டது. கையிலிருந்த ரோஜாத் தொட்டியை வைத்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

என்னவோ ஏதோ என்று டீச்சர் பின்னாலேயே வந்தார். நர்சரிக்காரர் படிக்கட்டுக்கு முன்னால் போய் நின்றார்.

"அண்ணி, எறும்பு உங்களால வரல. நான் கொண்டாந்த எலுமிச்சைல பூச்சி இருந்துச்சு. பார்க்காம உள்ள வெச்சது நான். இவங்க முன்னாலதான் உங்களைப் பேசினேன், அதான் இவங்க முன்னாலயே சொல்றேன். நீங்க டீல சர்க்கரை போடுறதில்லன்னுகூட எனக்குத் தெரியல அண்ணி. தப்பு."

டீச்சர் தலைகுனிந்துகொண்டார். "நானும் தெரியாமப் பேசிட்டேம்மா" என்று முணுமுணுத்தார்.

"சரி, வெயில்ல நிக்காதீங்க. ரோஜாவை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார் அண்ணி.

டீச்சர் போனபின் நர்சரிக்காரர் அவசரமாகக் குனிந்து பெரணித் தொட்டியைத் தூக்கினார். "உள்ள வெச்சிடறேன் அண்ணி."

"கீழ வை."

அவர் திகைத்து நின்றார்.

"உள்ள பூச்சி சுத்தமாப் போயிடுச்சா?"

"இன்னும் இருக்கு அண்ணி."

"அப்ப இதுலயும் ஏறவா? முதல்ல அந்த எலுமிச்சையைக் கழுவு."

தொட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார். எலுமிச்சைக் கன்றுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து வேலியோரம் அடுக்கினார். சோப்புத் தண்ணீர் கரைத்து, துணியை நனைத்து இலை இலையாகத் துடைக்க உட்கார்ந்தார். கொஞ்சநேரத்தில் அண்ணியும் ஒரு பழந்துணியோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். இருவரும் துடைத்தார்கள். சில கன்றுகள் தேறாது என்று பார்க்கும்போதே தெரிந்தது. அண்ணி அவற்றைத் தனியாக ஒதுக்கினார்.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணி."

"இனிமே என்னைத் திட்டணும்னா வீட்டுக்குள்ள வெச்சுத் திட்டு. நாலு பேர் முன்னால வேண்டாம்."

"இனிமே திட்ட மாட்டேன் அண்ணி."

"திட்டுவ. உன் வாயை நான் இன்னைக்கா பார்க்கறேன்?"

நர்சரிக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த இலையைப் புரட்டி, நரம்போரமாக மெல்லத் துடைத்தார்.