எல்லை ஆற்றில் மஞ்சள் சாமந்தி

ஹுன்னஸ்கிரிய மலையில் பிறக்கும் அந்தச் சிற்றாறு, இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்கு எல்லையாகக் கல்லுக்குக் கல் தாவிப் பன்வில பக்கம் இறங்கும். இரண்டு தோட்டத்திலும் ஆட்களை மேய்க்கும் கங்காணிகள் இருவரும் சண்டை பிடித்துக்கொண்ட நாளிலிருந்து, இக்கரை ஆள் அக்கரை மண்ணை மிதிக்கக்கூடாது என்பது கட்டளை. இக்கரைக் கங்காணிதான் அங்கம்மாவின் அப்பா.

அக்கரைத் தோட்டத்து மூக்கையா வேலை செய்யும் கூட்டம் இன்று பின்னேரம் ஹந்தானைத் தோட்டத்துக்கு மாறிப் போகிறது. போன கிழமை அவள் கொழுந்து பறிக்கையில், ஆற்றுக்கு அப்பாலிருந்து சொல்லியிருந்தான்: “ஆடிப் பதினெட்டுக்குப் பூ விடுவீங்கல்ல? உன் வாழைமட்டையில மஞ்சச் சாமந்தி வந்தா நிப்பேன். வரலன்னா போயிருவேன்.”

அப்பாவா, அவனா என்று இரவெல்லாம் அல்லாடியவள், ஆடிப் பதினெட்டான இன்று மத்தியானம் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சாமந்தி வைத்த மட்டையை ஆற்றில் விட்டாள். விட்ட பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“ஏன்டி, குட்டி போட்ட பூனையாட்டம் சுத்துறே?” என்றாள் தோழி புஷ்பம்.

“பூவு கீழ போய்ச் சேர்ந்திருக்குமா?”

“எங்க சேரும்? மழை இல்லன்னு காலையிலேயே குறுக்க பலகை போட்டு, மொத்த ஆத்தையும் ஸ்டோர் சக்கரத்துக்குத் திருப்பிட்டாங்கல்ல! உன் பூவு தேயிலை அரைக்கப் போயிருக்கும்.”

அங்கம்மா ஓடினாள். தேயிலை அரைக்கும் ஸ்டோரின் தண்ணீர்ச் சக்கரத்துக்கு முன்னாலிருந்த கம்பித் தடுப்பில், எல்லாப் பெண்களின் பூவும் குப்பையோடு குப்பையாக ஒதுங்கிக் கிடந்தது. தன் மட்டையைப் பிடுங்கி எடுத்தாள். பலகைக்குக் கீழே ஆறு வெறும் கல்லாகக் காய்ந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள்ளேயே இறங்கினாள். பாசி வழுக்கியது, முழங்கால் சிராய்ந்தது, நிற்கவில்லை.

வளைவில், பாறைமேல், மூட்டையும் பாயுமாக மூக்கையா புறப்பட எழுந்துகொண்டிருந்தான்.

“அடிப்பாவி! இந்தப் பக்கம் மிதிச்சேன்னு தெரிஞ்சா உங்கப்பா வெட்டிப்புடுவாரு!”

“எங்க மிதிச்சேன்? ஆத்துக்குள்ளதானே நடந்து வந்தேன்.”

நசுங்கிய சாமந்தியை அவன் கையில் திணித்தாள். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி நின்னதும், பூ விடாட்டிப் போகுது, ஆத்தையே நிறுத்திப்புட்டாளேன்னு நெனச்சேன்” என்றான்.

“மூட்டைய இங்க வச்சிட்டு வாங்க. அப்பாகிட்ட நீங்களே பொண்ணு கேளுங்க.”

“எந்த வழியா வர்றது?”

“நான் வந்த வழியாத்தான். மழை வந்தா பலகையத் தூக்கிருவாங்க, வெரசா வாங்க.”

ஹுன்னஸ்கிரிய உச்சியில் மேகம் கறுத்துத் திரண்டிருந்தது. முதல் இடி கேட்பதற்குள் இருவரும் கல்லுக்குக் கல் தாவி மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள்.