ஒத்திகையில் செத்தவர்கள்

இதில் எது முதலில் நடந்தது, ஆற்று வெள்ளமா, பஞ்சுக் கிடங்கில் பிடித்த தீயா என்பதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கேட்டுப் பார்த்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆனால், மாநிலப் பேரிடர் தடுப்பு அலுவலகம் நடத்திய ஒத்திகைகளில் செத்தவர்கள் நிஜப் பேரிடரில் சாகவில்லை என்பதில் மட்டும் அந்த நகரத்தில் இரண்டு பேச்சு கிடையாது. சாகவில்லை என்றால் தப்பி ஓடினார்கள் என்று பொருளில்லை. தண்ணீர் அவர்களைத் தொடவில்லை. நெருப்பு அவர்கள் பக்கம் திரும்பவில்லை. முடித்து ஒதுக்கிவைத்த கோப்பை எந்த அலுவலகமும் மறுபடி திறப்பதில்லை அல்லவா, அதுபோலப் பேரிடரும் அவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டது.

அலுவலகம் ஆற்றங்கரைச் சாலையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க வரைபடங்கள், மூலையில் மிதவைச் சட்டைகள், யாரும் காற்றடித்துப் பார்த்திராத ஒரு ரப்பர் படகு. அதன் திட்ட அதிகாரியை எல்லோரும் விசில்காரர் என்றார்கள். குளிக்கும்போதுகூட அவர் கழுத்தில் விசில் தொங்கும் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறாள். ஒத்திகை நாளன்று சங்கு ஊதியதும் தெருவில் பாதிப் பேர் மீட்பாளர்கள், மீதிப் பேர் அடிபட்டவர்கள், சிலர் பிணங்கள். பிணங்கள் சொன்ன இடத்தில் படுத்து, அவர் நீளமாக விசில் ஊதும் வரை எழுந்திருக்கக் கூடாது, பேசக் கூடாது. அதுதான் ஒரே விதி. காயங்களையும் பிண நிறத்தையும் பூசும் வேலை அவர் மனைவியுடையது. பின்தெருவில், பள்ளத்தில், ஒரு அழகு நிலையம் வைத்திருந்தாள். காலையில் மணப்பெண்களுக்குச் சிவப்பு பூசுவாள், மதியம் பிணங்களுக்குச் சாம்பல் நிறம் பூசுவாள். "மணப்பொண்ணுக்கு இதுங்க எவ்வளவோ மேல். கண்ணாடியைப் பார்த்து மூக்கு பெரிசாத் தெரியுதுன்னு அழாது" என்பாள்.

அந்தக் காலத்தில் பிணமாக யாரும் முன்வரவில்லை. அபசகுனம் என்றார்கள். ஜீப் ஓட்டுநர் மட்டும் ஒவ்வொரு தடவையும் கை தூக்கினார். படுத்துத் தூங்கலாம், சம்பளமும் வரும் என்பது அவர் கணக்கு. அவர் விட்ட குறட்டையால் ஒரு ஒத்திகையே கெட்டுப்போனதாகவும் பேச்சு உண்டு. பிறகு ஒரு மழைக்காலத்தில் ஆறு நிஜமாகவே கரை உடைத்து வந்தபோது, அவர் ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். வெள்ளம் ஜீப்பை அடித்துக்கொண்டு போய்விட்டது. அவரைக் கொண்டுபோகவில்லை. ஜீப் நின்ற இடத்தில், இருக்கையின் உயரத்தில், ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அப்படியே இருக்க, காற்றில் உட்கார்ந்து தூங்கினார். தண்ணீர் அவரைச் சுற்றி ஒரு சாண் தள்ளியே ஓடியது. மறுநாள் வெள்ளம் வடிந்ததும் மெதுவாகத் தரையில் இறங்கி, கண் விழித்து, "வண்டியை எவன்டா எடுத்தது?" என்று கேட்டார். அரசு ஜீப்பைத் தொலைத்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. மற்றபடி யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதே வெள்ளத்தில் விசில்காரரின் இடது கால் நசுங்கியது. ஒரு வீட்டு மாடியில் மாட்டிக்கொண்ட குடும்பத்தை இறக்கப் போனவர்மேல் மிதந்து வந்த மரம் மோதிவிட்டது. காலை மடியில் வைத்துத் துடைக்கும்போதுதான், நிஜக் காயம் என்ன நிறத்தில் இருக்கும் என்பதை அவர் மனைவி முதன்முதலாகப் பார்த்தாள். இத்தனை வருஷம் சிவப்பைக் கொஞ்சம் கூட்டிப் பூசிவிட்டோம் என்று நினைத்தாள். ஓட்டுநர் காற்றில் உட்கார்ந்திருந்த கதை காதில் விழுந்ததும் சொன்னாள்:

"ஏங்க, அடுத்த தடவை நீங்க செத்துடுங்க."

"என்ன பேச்சு இது? நான் செத்தா ஒத்திகையை யாரு முடிக்கிறது?"

"விசிலை வேற யாருக்காவது கொடுங்க."

"யாருக்குக் கொடுக்கட்டும்? விசில் வெச்சிருக்கிறவன் படுக்க முடியாது. ஒரு பேரைச் சொல்லு, நாளைக்கே கொடுத்துடறேன்."

அவள் யோசித்தாள். தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. ஒரு பேரும் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து அவளும் ஒரு முடிவோடு இருந்தாள்: அவர் படுக்கும் வரை தன் முகத்திலும் சாம்பல் பூசுவதில்லை. "நான் மட்டும் நனையாம நின்னு உங்களைத் தண்ணி இழுத்துட்டுப் போறதைப் பார்க்கணுமா?" என்று கேட்டாள்.

கிடங்குத் தீக்குப் பிறகு விஷயம் ஊர் முழுக்கப் பரவியது. ஒத்திகையில் செத்திருந்த கிடங்குக் கணக்குப் பிள்ளை எரியும் பஞ்சுக்கு நடுவே நடந்து வந்து, உள்ளே மறந்துவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்கத் திரும்பவும் உள்ளே போய் வந்ததை நிறையப் பேர் பார்த்தார்கள். மறுநாளே பிணமாவதற்கு வரிசை தொடங்கியது. ஒரு சாவு அடுத்து வரும் ஒரு பேரிடருக்கு மட்டுமே செல்லும் என்பதும் தெரிந்துவிட்டதால், வரிசை குறையவே இல்லை. பரிந்துரைக் கடிதங்கள் வந்தன. "சார், போன தடவையே என் மச்சானைச் சாகடிச்சீங்க, என்னை மட்டும் உயிரோட விட்டுட்டீங்க. நாங்க எல்லாம் மனுஷங்க இல்லையா?" என்று ஒருவர் சண்டை போட்டார். மீட்பாளராக இருக்க ஆள் கிடைக்கவில்லை. தூக்கிப் போக யாரும் இல்லாததால் பிணங்கள் தாங்களே எழுந்து நடந்து ஆம்புலன்சில் ஏறிப் படுத்துக்கொண்டன. கதவைச் சாத்தக்கூட ஒரு பிணம்தான் இறங்கி வந்தது. அமைச்சர் முன்வரிசையில் இடம் கேட்டு வாங்கினார். அழகு நிலையக்காரி பூச வந்தபோது, "ஏம்மா, பிணம்னாலும் கொஞ்சம் களையா இருக்கட்டும்" என்றார். படுத்தவர் பாதி ஒத்திகையில் கூட்டத்தைப் பார்த்ததும் பொறுக்காமல் இடது பக்கத்தை மட்டும் தூக்கி எழுந்து, நாலு வார்த்தை பேசிவிட்டுப் படுத்தார். அடுத்த மழையில் அவர் வலது பாதி காய்ந்திருந்தது, இடது பாதி தொப்பலாக நனைந்தது. அதற்குப் பிறகு அவர் கையெழுத்தெல்லாம் வலது கையால் மட்டும் என்று ஒரு நகைச்சுவை உலவியது. அவர் எப்போதும் வலது கைக்காரர்தான்.

தலைமைச் செயலகத்தில் யாரோ ஒரு புத்திசாலி கேட்டார்: சிலரைச் சாகடிப்பதற்குப் பதில் நகரம் முழுவதையும் ஒரே நாளில் சாகடித்துவிட்டால் என்ன? உயிர்ச்சேதமே இல்லாத மாநிலம் என்று பெயர் வாங்கலாம். உத்தரவு வந்தது. நகரத்தில் இருந்த அழகு நிலையக்காரிகள், முடி திருத்துவோர், நாடகத்துக்கு வேஷம் போடுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து விடிந்ததிலிருந்து பூசினார்கள். நெற்றியில் ஒரு விரல் சாம்பல் போதும் என்று முடிவானது. கடைசியில் பூசியவர்கள் ஒருவருக்கொருவர் பூசிக்கொண்டு படுத்தார்கள். சங்கு ஊதியது. கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்திலும், மாணவர்கள் மைதானத்திலும், ஓட்டுநர் புது ஜீப்புக்கு அடியிலும், அமைச்சர் இந்தத் தடவை வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டும் படுத்தார்கள். பேருந்துகள் வரிசையாக நின்றன. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

அவ்வளவு பெரிய அமைதியை அந்த நகரம் அதற்கு முன் கேட்டதில்லை. அதில் நடந்துகொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். விசில்காரர் காலை இழுத்து இழுத்து முன்னால் போனார். டப்பாவை இடுக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். யார் மேலும் மிதித்துவிடாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைக்க வேண்டியிருந்தது. கடைத்தெருவின் முனையில் அவள் நின்றாள். டப்பாவைத் திறந்து காட்டினாள். அடியில் ஒரு விரல் அளவுக்குச் சாம்பல் ஒட்டியிருந்தது.

"ஒருத்தருக்குத்தான் இருக்கு. படுங்க. விசிலைக் கொடுங்க, நான் ஊதறேன்."

"நீ படு."

"நீங்க படுங்கன்னா."

"எனக்குப் பழகிப்போச்சு. நீ படுத்தாப் போதும், நான் நிம்மதியா ஊதுவேன்."

"உங்க நிம்மதிக்கு நான் சாகணுமாக்கும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகும் இருவரும் படுக்கவில்லை. வெயில் ஏறியது. ஒரு நாய் வந்து படுத்திருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்ததோ, தானும் ஓரமாகப் படுத்தது. அவள் குனிந்து அந்தக் கடைசிச் சாம்பலை அதன் நெற்றியில் தடவிவிட்டாள். அவர் விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினார். நகரம் எழுந்து தூசி தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது.

புதிய சாம்பல் பூச்சு வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. யாருக்கும் அவசரமில்லை, கடைசியாக மிச்சமிருந்தவர்கள் இருவர்தானே. அதற்குள் புயல் வந்துவிட்டது. பட்டப்பகலில் வந்தது. கூரைகள் பறந்தன, ஆறு இரண்டு கரையையும் உடைத்தது. மக்கள் சாணளவு காய்ந்த தரையைத் தங்களோடு எடுத்துக்கொண்டு வெள்ளத்தில் சாவகாசமாக நடந்தார்கள். சிலர் குடையையும் பிடித்திருந்தார்கள், பழக்க தோஷம். விசில்காரர் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் காலை இழுத்துக்கொண்டு பின்தெருவுக்குப் போனார். அவள் கடையை விட்டு வரவில்லை. அவர் எந்தத் தெருவில் நிற்கிறாரோ தெரியாமல், அவர் தேடி வருகிற ஒரே இடத்தில் நிற்பதென்று இருந்துவிட்டாள். அவர் உள்ளே நுழைந்த கையோடு தெருவின் இரண்டு முனையும் மூழ்கின. தண்ணீர் கண்ணாடிக் கதவில் மோதி, இடுக்கு வழியாக உள்ளே வரத் தொடங்கியது.

முதலில் வந்தவர் ஓட்டுநர். "சார், முதுகுல ஏறுங்க" என்று தூக்கிப் பார்த்தார். ஓட்டுநரைச் சுற்றி ஒரு சாண்தான் காய்ந்திருந்தது. அதிகாரியின் கால்கள் அதற்கு வெளியே நீட்டிக்கொண்டு நனைந்தன. தண்ணீர் இழுத்த வேகத்தில் இருவருமே அந்தச் சாணுக்கு வெளியே விழப் பார்த்தார்கள். திரும்பக் கொண்டுவந்து விட்டார். அப்புறம் கணக்குப் பிள்ளை வந்தார். மணப்பெண்ணாக அலங்காரம் செய்துகொண்டவர்கள், மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று அழுதவள் உட்பட, வந்தார்கள். சண்டை போட்டவர் மச்சானோடு வந்தார். அமைச்சர் வந்தார். எல்லோரும் யோசனை சொன்னார்கள், யாருடைய யோசனையும் யாருக்கும் கேட்கவில்லை. அறை நிரம்பி, வாசல் நிரம்பி, படியெல்லாம் ஆள்.

விசில்காரர் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார். "அறிவிருக்கா உங்களுக்கு? பேரிடர் நேரத்துல ஒரே இடத்துல கூட்டம் கூடக் கூடாது! திட்டத்துல எழுதியிருக்கு! எத்தனை ஒத்திகை நடத்தினேன், ஒருத்தன் மண்டையிலயும் ஏறலையா? கலைஞ்சு போங்க! அவங்கவங்க வீட்டு மாடிக்குப் போங்க!"

"போறோம் சார், இருங்க" என்றார் ஓட்டுநர். ஒருவரும் போகவில்லை. இன்னும் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு வழிவிட, உள்ளே இருந்தவர்கள் நெருக்கியடித்தார்கள். ஒரு பெண் கூச்சத்தோடு, "அக்கா, சும்மாதானே நிக்கறோம், புருவத்தை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடறீங்களா?" என்று கேட்டாள். விசில்காரர் அவளைத் திட்டுவதற்காகக் குனிந்தபோது தரையைப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. வாசலுக்கு வெளியே தண்ணீர் பெயர்ப்பலகையின் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கடைசி ஆளின் முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுவர் கட்டினதுபோல, அதற்குமேல் வர இடமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரின் சாண்களும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டிருந்தன. இடையில் தண்ணீர் நுழைய ஒரு விரல் இடைவெளி இல்லை.

திறந்த வாயை அவர் மூடினார். நாற்காலியிலிருந்து இறங்கி மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். அப்புறம், அவர் அதுவரை யாரிடமும் பேசியிராத தணிந்த குரலில், "இன்னும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்கப்பா" என்றார்.

நெருங்கி நின்றார்கள். வெள்ளம் வடியும் வரை அப்படியே நின்றார்கள். கால் மரத்தவர்கள் பக்கத்து ஆள்மேல் சாய்ந்துகொண்டார்கள். அவள் கைக்கெட்டிய புருவங்களையெல்லாம் திருத்திவிட்டாள்.

ஓட்டுநர் ஓய்வு பெறும்வரை ஜீப் ஓட்டினார். தொலைந்த ஜீப்புக்கான குறிப்பாணை இன்னும் நிலுவையில் இருக்கிறது. அமைச்சர் அடுத்த தேர்தலில் தோற்றார், காரணம் வேறு. கணக்குப் பிள்ளை மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். நாய் நிறைய நாள் இருந்தது. ஒப்பந்தப்புள்ளி திறக்கப்பட்டு, பூச்சு வந்தபோது யாரும் அதைக் கேட்டு வரவில்லை; மழைச் செய்தி வந்தால் சாம்பல் இல்லாமலே யாராவது ஒருவர் வீட்டில் எல்லோரும் போய் நெருங்கி நிற்பது வழக்கமாகியிருந்தது. விசில்காரர் பல வருஷம் கழித்து ஒரு சாதாரணக் காய்ச்சலில் இறந்தார், மனைவி அதற்கு இரண்டு வருஷம் கழித்து. அழகு நிலையத்தை இப்போது ஒரு தம்பதி நடத்துகிறார்கள். அந்தத் தெருவுக்கு வெள்ளம் வருவதில்லை. அளந்து பார்த்தால் நகரத்திலேயே அதுதான் தாழ்வான இடம். நகராட்சி அதை மேட்டுப்பகுதி என்று பதிவு செய்து, அதற்கேற்ற வரி வாங்கிக்கொண்டிருக்கிறது.