ஸ்டெபிக்கு ஏச வராது

தூத்துக்குடியில் ஹில்டாவுக்கு ஏற்றிய கீமோ மருந்துக்கு மறுநாள் சாயர்புரத்தில் பகவதி வாந்தி எடுத்தாள். வெள்ளிக்கிழமை, கருப்பட்டி விலை ஏறியிருந்தது, கடையில் நல்ல கூட்டம். பகவதி தன் புருஷன் செல்வதுரையின் பலசரக்குக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்று உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வாரம் மருந்து கிடையாது. செவ்வாய் வெள்ளி மீன் தொடாதவள். ஆனால் அவள் கக்கியதில் சீலா மீன் குழம்பின் வாடை அடித்தது. எதிரே உளுந்துக்கு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார்கள். அதே நேரத்தில், முந்தின ராத்திரி சீலாக் குழம்பு சாப்பிட்டிருந்த ஹில்டா, மீன்பிடித் துறைமுகத்து வாசலில் கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்து இடியாப்பம் தின்றுகொண்டிருந்தாள். மூன்று முறை மருந்து ஏறி, மூன்று முறையும் வாரக்கணக்கில் பாத்ரூம் வாசலிலேயே படுத்துக் கிடந்தவளுக்கு இந்தத் தடவை ஒரு ஏப்பம்கூட வரவில்லை. நர்ஸ் மருந்துக்குப் பதிலாகப் பச்சைத் தண்ணீரை ஏற்றிவிட்டாள் என்று சந்தேகப்பட்டாள்.

காரணம் முந்தின நாள் நடந்த சண்டை. கீமோ வார்டில் ஒரே ஒரு ஃபேன்தான் ஒழுங்காக ஓடும். அதன் கீழே இருக்கும் நாற்காலி மருந்து ஏற்றிக்கொள்கிறவளுக்கு என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சட்டம். சும்மா ரத்தப் பரிசோதனைக்கு வந்த பகவதி அதில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்திரு என்று ஹில்டா சொன்னாள். உன் பேர் எழுதியிருக்கிறதா என்று பகவதி கேட்டாள். நாற்காலியில் ஆரம்பித்தது, சாயர்புரத்துக்காரியின் வளர்ப்பு, கடற்கரைக்காரியின் வாய் என்று போய், கடைசியில் இருவருக்கும் எந்தப் பக்கத்து மார்பு இல்லை என்பது வரைக்கும் வந்து நின்றது. ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு மூலைக்குப் போன ஹில்டா திரும்பி நின்று சொன்னாள்: “எனக்கு வார வாந்தி பூரா ஒனக்கு வரட்டும், சவத்து மூதி.” வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை பகவதி பஸ் ஏறி, விசாரித்து, ஹில்டாவின் தெருவுக்கே வந்துவிட்டாள். தெருக் குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடங்கள் வரிசையில் நின்றன, குடத்துக்காரிகள் வேடிக்கைக்கு நின்றார்கள்.

“ஏளா, நீ தின்ன சீலாவ நான் கக்குதேன். நல்லா இருக்கா இது?”

“ருசி எப்படி இருந்துச்சு, உப்பு கூடுதலோ?”

“சிரி, சிரி. எனக்கு வியாழக்கிழம ஊசி. என் எலும்புக் குடைச்சல் அத்தனையும் ஒன் முட்டியில எறங்கும். அப்ப சிரிப்பியா பாப்போம்.”

அதுவும் அப்படியே நடந்தது. வெள்ளையணு கூடுவதற்குப் போட்ட ஊசியில் பகவதியின் எலும்பைக் குடைய வேண்டிய வலி, கூடையைத் தூக்கப் போன ஹில்டாவின் முட்டியில் வந்து இறங்கியது. அவள் நடுரோட்டில் உட்கார்ந்து பகவதியின் ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசினாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே வலி போய்விட்டது. அப்போதுதான் ஹில்டாவுக்கு ஒன்று உறைத்தது. சொந்த வலி என்றால் நாலு நாள் பாய் போட்டுப் படுத்திருக்கும். அடுத்தவள் வலி விருந்தாளி மாதிரி, வந்த வேகத்தில் போய்விடுகிறது. பகவதியும் கடையில் ஒரே தடவைதான் கக்கினாள். கழுவிவிட்டு மறுபடி உளுந்து நிறுத்தாள். அதிலிருந்து ஒருத்திக்கு மருந்து ஏறுகிற அன்றைக்கு இன்னொருத்தி பஸ் பிடித்து வந்து எதிரே உட்கார்ந்தாள், வாயார ஏச்சு வாங்கினாள், கோபத்தோடு எழுந்து போனாள். வர முடியாத நாளில் போனில் வாங்கினாள்.

வார்டுக்கு இது பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. நர்ஸ் ஏஞ்சலின் முதலில் வாயைப் பொத்தச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் வாந்திச் சட்டிகள் காலியாகவே இருப்பதைக் கவனித்து, கதவை மட்டும் சாத்தி வைத்தாள். மருந்து யார் உடம்பில் ஏறியதோ அந்த உடம்பில்தான் வேலை செய்தது, கட்டியைக் கரைத்தது, தலைமுடியைக் கொட்டியது. வேதனை மட்டும் வீடு மாறியது. அதுவும் அந்த மருந்தைக் கண்ட உடம்புக்குத்தான் போனது. மாமியாரை ஏசிப் பார்த்தவர்கள் நிறையப் பேர், ஒருத்திக்கும் பலிக்கவில்லை. வீட்டில் அவர்களுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் தொட்டால் உடனே குளிப்பாட்டினார்கள். வீட்டில் வாயை மூடிக்கொண்டு கேட்டதையெல்லாம் வார்டில் ஒருத்தி மேல் ஒருத்தி கொட்டினார்கள். ஆறுமுகநேரியிலிருந்து அக்காவும் தங்கையுமாக வந்த இருவர் உருகி உருகி ஆளுக்கு ஆள் வலியைக் கேட்டு வாங்கப் பார்த்தார்கள், கண்ணீரில் கைதான் ஈரமானது. நிஜமான வெறுப்பு வேண்டும். புதிதாக வருகிறவளிடம், பார்த்த மாத்திரத்தில் பிடிக்காமல் போனவளுக்குப் பக்கத்தில் உட்காரு என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் ஒருநாள் ஸ்டெபி வந்து உட்கார்ந்தபோது ஹில்டா பாதி ஏச்சை விட்டுவிட்டு எழுந்தாள். ஸ்டெபி அதே தெருப்பெண். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தாயே ஹில்டாதான். துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை, புருஷன் மெல்வின் கப்பலில், முப்பது வயது முடியவில்லை. மாமியாருக்குப் பயந்து, ஆபரேஷனைக் குடலிறக்கம் என்று சொல்லி மறைத்திருந்தாள். கொட்டிய முடிக்கு மேல் விக், காலியான இடத்தில் பஞ்சு. ஹில்டாவைப் பார்த்ததும் அழவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். “யார்ட்டயும் சொல்லிராதிய ஹில்டாம்மா.”

ஸ்டெபிக்கு ஏச வராது. அதுதான் பிரச்சினை. சோற்றில் கல் கிடந்தால்கூட அரிசியிடம் மன்னிப்புக் கேட்கிற பிறவி. மருந்து அவளை அடித்துப் போட்டது. வாய் முழுக்கப் புண், தண்ணீர் இறங்கவில்லை, ஆபீஸுக்கு மதில் பிடித்து நடந்தாள். ஹில்டாவின் புருஷன் அம்புரோஸ் சங்கு குளிக்கிறவன். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலி போகும் என்ற பயம் உள்ளவன்தான் கயிற்றை விடமாட்டான். கயிறு போய்க் காற்றுக்குழாய் வந்த பிறகும் அதைப் பிடிக்க வேற்று ஆளை அவர்கள் விடுவதில்லை. இந்த வழக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள் ஆனபடியால் ஹில்டாவும் அந்தக் கணக்கையே போட்டாள். நெருங்கின உறவு நான், நானே வாங்குகிறேன் என்று எதிரே உட்கார்ந்தாள். ஹில்டா சொல்லிக்கொடுத்தபடி ஸ்டெபி, “ஹில்டாம்மா, நீங்க... நல்லாவே இருக்க மாட்டிய” என்று முனகிவிட்டு, உடனே ஹில்டாவின் நெற்றியில் சிலுவை போட்டாள். ஒன்றும் போகவில்லை. அவளுக்குக் கோபமாவது வரட்டும் என்று பகவதி இறங்கினாள். ஒரு மணி நேரம் ஸ்டெபியின் அப்பன், ஆத்தா, கப்பலில் இருக்கிற புருஷன், அங்கே அவன் வைத்திருக்கக்கூடியவள் என்று ஒருவர் விடாமல் ஏசினாள். ஸ்டெபி கேட்டுவிட்டு, பாவம், அக்காவுக்கு என்ன வேதனையோ என்று பகவதிக்காக ஜெபமாலை எடுத்தாள். பகவதிக்கு அன்று முழுக்கத் தலைவலி, அதுவும் தன்னுடையதே.

பாதி மருந்து முடிந்திருந்தபோது ஸ்டெபி போதும் என்று முடிவெடுத்தாள். டாக்டர் திட்டிப் பார்த்தார், விட்டால் திரும்ப வரும், வந்தால் நிற்காது என்று படம் போட்டுக் காட்டினார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, அடுத்த தேதிக்கு வரமாட்டேன் என்று தாழ்மையாகச் சொன்னாள். அன்று ஹில்டாவும் பகவதியும் பழைய பஸ் ஸ்டாண்டில் எதிரெதிராக நின்றார்கள்.

“அவ ஒன்னைய வெறுக்கணும், அவ்வளவுதான்” என்றாள் பகவதி. “நான் ஏசினா உறைக்காது. நான் யாரு அவளுக்கு? நீ செஞ்சா உறைக்கும்.”

“ஞானத்தாய்ளா நான்.”

“அதனாலதான் சொல்லுதேன். மச்சான் கயிறு பிடிக்கான்னு பெருமையாச் சொன்னியே. இங்கன மச்சான் ஒதவமாட்டான், எதிரிதான் ஒதவுவா. எதிரியாப் போ.”

“போனா திரும்ப வரமாட்டா அவ.”

“உசுரோட திரும்பாம இருக்கட்டும். எனக்கு பஸ்ஸு வந்துட்டு.”

அந்த ஞாயிற்றுக்கிழமை தெரு முனையில் இருக்கும் சின்னக் கெபிக் கோயிலில் அந்தோனியார் திருநாள் அசனம், தெருவுக்கே பொதுச் சாப்பாடு. மதியம், கச்சான் காற்று மண்ணை வாரிப் பந்திமேல் எறிந்துகொண்டிருந்தது. தெருவே இலைபோட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்டெபி மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவில், பட்டுப்புடவை, விக்கில் இரண்டு முழம் பிச்சிப்பூ. ஹில்டா சோற்று வாளியோடு வரிசையில் வந்தாள். ஸ்டெபியின் இலைக்கு நேரே வந்ததும் வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து, கொத்தாகப் பிடித்து, பூவோடு விக்கை உருவினாள். தெரு முழுக்க அந்த மொட்டைத் தலையைப் பார்த்தது.

“மொட்டைக்கு எதுக்குளா பிச்சி?” என்றாள் ஹில்டா, கடைசிப் பந்திக்கும் கேட்கிற குரலில். “குடலிறக்கமாம். எங்க எறங்குச்சின்னு மாராப்ப வெலக்கிக் காட்டு, மாமியார் பாக்கட்டும்.”

மாமியார் இலையை மடக்கிவிட்டு எழுந்தாள். அவளோடு அந்த வரிசையே எழுந்தது. எச்சில் இலைகளுக்கு நடுவில் ஸ்டெபி மட்டும் உட்கார்ந்திருந்தாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, ஹில்டாவையே பார்த்தாள். இவ்வளவு நாளும் வாயில் வராதது எல்லாம் அடியிலிருந்து திரண்டு வருவது அவள் முகத்தில் தெரிந்தது. கத்தவில்லை. எழுந்து வந்து, ஹில்டாவின் முகத்துக்கு நேரே நின்று, இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“நீ நல்லா இருக்க மாட்ட. பேதியில போவ. இனி எனக்கு எந்த வலி வந்தாலும் அது ஒனக்குத்தான் வரணும். எந்த வலின்னாலும். நான் சாகுத வரைக்கும்.”

ஹில்டா வாளியை எடுத்து அடுத்த இலைக்குச் சோறு வைக்கப் போனாள். நாலு இலை தாண்டும் முன் வாய் முழுக்கப் புண் பூத்தது.

வெறுப்பு அசலானது, வலியும் அப்படியே வந்தது. பகவதியுடையதைப் போல விருந்தாளியாக வரவில்லை. மூட்டை முடிச்சோடு குடியேறியது. ஸ்டெபிக்கு வயிற்றில் பசி எடுத்தது. எனக்கு இனி மறைக்க யாரும் இல்லை என்று மறுவாரமே மொட்டைத் தலையோடு வார்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். மீதி மருந்தை எல்லாம் பழச்சாறு குடிப்பது போல ஏற்றிக்கொண்டாள். ஹில்டா பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். ஹில்டா அத்தனையும் வீட்டில் கிடந்து கக்கினாள். அதை இன்னொருத்திக்கு ஏசிக் கொடுக்கவும் வழி இல்லை. வாங்கினதை மாற்ற முடியாது. பகவதி கடையை செல்வதுரையிடம் விட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்தாள், சட்டி கழுவினாள், கழுவும்போதெல்லாம் கடற்கரைப் பொம்பளைகளின் புத்தியை ஏசினாள். அம்புரோஸ் ஒருநாள் இவளை ஏன் வீட்டுக்குள் விடுகிறாய் என்று மனைவியைக் கேட்டான். “பிடிக்காதவதான், இருந்துட்டுப் போட்டும்” என்றாள் ஹில்டா.

தெரு ஹில்டாவை மன்னிக்கவில்லை. அதற்கப்புறம் அசனத்தில் அவள் கையால் சோறு வாங்க ஆள் இல்லை. ஸ்டெபியை மாமியார் வெளியே அனுப்பினாள். மெல்வின் கப்பலிலிருந்து இறங்கி நேரே வந்து, ஆறுமுகநேரியில் வீடு பார்த்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஸ்டெபியின் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று ஏஞ்சலின் மூலம் தெரிந்தது. அப்புறமும் ஹில்டாவுக்கு அவ்வப்போது தலை வலித்தது, பல் வலித்தது, ஒரு தடவை நடக்கும்போதே இடது கணுக்கால் மளுக்கென்று பிசகியது. ஆறுமுகநேரியில் யாரோ படியில் வழுக்கியிருக்கிறாள் என்று புரிந்துகொண்டு தைலம் தேய்த்தாள். வருஷங்கள் போயின. தெருவில் யாரும் அவளிடம் அதிகம் பேசாததால் கருவாட்டு வியாபாரத்தில் கவனம் கூடியது.

போன ஆடி மாதம், முற்பகலில், துறைமுகத்து வாசலில் நெத்திலி நிறுத்துக்கொண்டிருந்த ஹில்டாவின் இடுப்பை யாரோ இரண்டு கையால் பிடித்துத் திருகியது போல் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துப் பல வருஷம் ஆனவள், பிள்ளை பெறாதவள். என்ன வலி என்று முதலில் பிடிபடவில்லை. வலி விட்டது, திரும்ப வந்தது, கொஞ்சம் நெருக்கி வந்தது. நாலு பிள்ளை பெற்ற பக்கத்துக் கூடைக்காரி ஒருத்தி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாக்கை விரித்துப் படுக்க வைத்தாள். போன் போனது. சாயர்புரத்திலிருந்து பகவதி வந்து சேர்ந்தபோது ஹில்டா ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தாள். ஏலத்துக்கு வந்தவர்கள் சுற்றிப் போனார்கள். பகவதி சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து இடுப்பை அழுத்தித் தேய்த்தாள்.

“மூச்சப் பிடிச்சு முக்குளா, கூறு கெட்டவளே. அங்கன அவ காலாட்டிட்டுப் படுத்திருப்பா.”

பொழுது சாயும்போது ஒரு பெரிய வலி வந்து, சட்டென்று நின்றுவிட்டது. உடம்பு லேசானது. ஹில்டா வியர்வையோடு அண்ணாந்து படுத்திருந்தாள். ஐஸ் லாரி ஒன்று பின்வாங்கிப் போயிற்று. ஆறுமுகநேரியிலிருந்து யாரும் போன் செய்யப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

“என்ன பிள்ளையா இருக்கும்?” என்று கேட்டாள்.

“பெத்தவ நீ. ஒனக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்?” என்ற பகவதி, டீக்கடைக்காரரிடம் பேறுகாலக்காரிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ என்றாள். அவர் இன்னொரு கரண்டி போட்டு ஆற்றிக் கொடுத்தார்.