மார்பில் போட்ட கோடுகள்

கடைசியாக நாங்கள் மூவரும் சாதாரணமாகச் சண்டை போட்டது ஒரு வாடிக்கையாளருடைய வெள்ளைச் சட்டையின் பாக்கெட்டுக்காக. பேனா கசிந்து உள்ளங்கை அகலத்துக்கு மை. "விடுண்ணே, இது போகாது, ஆள்கிட்டச் சொல்லிடலாம்" என்றான் தம்பி. அண்ணன் கேட்கவில்லை. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அரை மணி நேரம் தேய்த்தார். மை போயிற்று. பாக்கெட்டும் பாதி போயிற்று. "கறை போச்சா இல்லியா?" என்று எங்களையே அதட்டினார். அன்று மாலை தம்பியின் ஸ்கேன் முடிவு வந்தது: நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி.

எங்கள் சலவைக் கடையில் அண்ணன்தான் மாஸ்டர். தம்பி இஸ்திரி, நான் கவுன்ட்டர். தனக்குத் தெரியாத கறை உலகத்தில் இல்லை என்பது அண்ணனின் எண்ணம். கறையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவருக்கு நுரையீரலும் தெரியும். "கரண்ட் வைக்கிறது பெரிய வித்தையா? நம்ம இஸ்திரிப் பெட்டி மாதிரிதான். சூடு சரியா இருந்தாப் போதும்" என்று வந்தவர் போனவருக்கெல்லாம் பாடம் எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலை அவர் மிதித்ததே இல்லை.

கரண்ட் என்று அவர் சொன்ன கதிர்வீச்சு முப்பத்து மூன்று சிட்டிங், வாரத்துக்கு ஐந்து நாள். நடுவில் விட்டால் கட்டிக்குத் தெம்பு வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாளும் விடாமல் அவனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அதுதான் என் வேலை. மார்பில் ஊதா மையில் மூன்று கோடுகள் போட்டார்கள். "இதைப் பார்த்துத்தான் மிஷினைக் குறி வைப்போம். சோப்பு போடாதீங்க, தேய்க்காதீங்க." தினமும் காலையில் ஈரத்துணியால் கோடுகளில் படாமல் சுற்றித் துடைத்துவிடுவேன்.

பதினான்காவது சிட்டிங் அன்று லாட்ஜிலிருந்து படுக்கை விரிப்பு மூட்டைகள் வந்து இறங்கின. "நீ போய் எண்ணி வாங்கு. நான் துடைச்சு விடறேன். நான் பார்க்காத உடம்பா?" என்றார் அண்ணன். நான் திரும்பியபோது தம்பி கழுத்துவரை பட்டனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் பேசவில்லை. தொண்டை வலி என்று நினைத்துக்கொண்டேன்.

மிஷின் அறைப் பெண் அவன் சட்டையைத் திறந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டாள். ஸ்பிரிட் பட்டு மார்பு சிவந்து கிடந்தது. ஊதாக் கோடுகள் இல்லை. அவை இருந்த இடத்துக்கு ஒரு விரல் கீழே கருப்பாக மூன்று கோடுகள். காலரில் துணி எண் போடுகிற எங்கள் கடை மை. அழித்து முடித்த பிறகுதான் அது எதற்கு என்று அண்ணனுக்கு உறைத்திருக்கிறது. உறைத்ததும் அவரே வரைந்துவிட்டார். கறை எடுக்கவும் எண் போடவும் தெரிந்தவருக்கு வேறு என்ன தோன்றும்.

"யாருங்க இதைப் பண்ணது?"

"நான்தான்" என்றான் தம்பி. "அரிச்சுது."

"அரிச்சா சொறிவாங்க. திரும்ப வரைவாங்களா?"

"கை சும்மா இருக்கல."

"நல்ல ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பில் எழுதினாள். நான் வாயைத் திறந்தேன். "அக்கா, தண்ணி பாட்டில் எங்கே?" என்றான். பாட்டில் அவன் கண்ணெதிரே என் கையில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வெளியே வந்து, "ஏன்டா பொய் சொன்னே?" என்றேன்.

"அண்ணன் மூஞ்சிய நீ பார்க்கலியே. பாவம்க்கா."

தோல் ஆறி, மறுபடி ஸ்கேன் எடுத்து, மறுபடி கோடு போட்டுத் தொடங்க ஒன்பது நாள் ஆயிற்று. வீட்டில் சொன்னபோது, "அவங்க மிஷின் என்னிக்கு ஒழுங்கா ஓடியிருக்கு?" என்றார் அண்ணன்.

மீதி இருபதையும் தம்பி முடித்தான். முடித்த நான்காவது மாதம் போய்விட்டான். அந்த ஒன்பது நாளால்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்.

துக்கம் கேட்க எதிர்க்கடைக்காரர் வந்தார். அண்ணன் நாற்காலி போட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "சின்ன வயசிலேர்ந்தே அவசரக்காரன். டாக்டர் போட்ட கோட்டைத் தானே அழிச்சுட்டான். நான் எவ்வளவோ சொன்னேன்." குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. அதற்குள் அவரே அதை நம்பத் தொடங்கியிருந்தார்.

"அண்ணே, அது நம்ம கடை மை" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் அவரிடம், "என்ன பேசறோம்னே தெரியல அவளுக்கு. ரெண்டு நாளா தூங்கல" என்றார். எதிர்க்கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மிஷின் அறைப் பெண் முழுவதும் கேட்டாள். கோப்பை எடுத்துப் புரட்டினாள்.

"பேஷன்ட் சொன்னதைத்தானே எழுதியிருக்கேன். அதை நான் மாத்த முடியாதுங்க. பேஷன்டே வந்து சொன்னாத்தான்" என்றவள், சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கோப்பில் அந்த வரி இன்றும் அப்படியேதான் இருக்கிறது: கோடுகளை நோயாளியே அழித்துவிட்டார்.