படத்தில் படிந்த வெள்ளை

மனோகரனுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. அதைத்தான் பிறகு அவனால் தாங்க முடியவில்லை.

சிங்கப்பூர் எல்லைக்குக் கொஞ்சம் வடக்கே உள்ள கூலாயில் வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது அவன் தொழில். ஊரெல்லாம் போய் வந்தாலும், செடெனாக் பக்கம் அவன் குடியிருக்கும் சின்னத் தாமான் குடியிருப்பில்தான் வேலை ஓயாது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அந்த நாற்பது வீட்டுக்கும் நிலத்தைத் துளைத்து எடுக்கிற தண்ணீர்தான் குழாயில் வருகிறது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் உள்ளதெல்லாம் சுண்ணாம்பு. கெட்டிலின் அடியில் ஓடு கட்டும், ஷவர் துளைகள் அடைத்துக்கொள்ளும், துவைத்த துண்டு காய்ந்தால் அப்பளம் போல விறைக்கும். ஹீட்டரைக் கழற்றினால் உள்ளே இருக்கிற கம்பி விரல் தடிமனுக்கு வெள்ளை பூசிக்கொண்டிருக்கும். அந்த வெள்ளையைப் பதினைந்து வருஷமாகச் சுரண்டுகிற கை அவனுடையது.

அவன் மனைவி வாசுகிக்கு ஒரே தம்பி, விஜயன். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட, அவள்தான் வளர்த்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே வைத்துக்கொண்டாள். விஜயன் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். ஜனவரி மாதம் ஒரு மழை நாளில், சிங்கப்பூர் பாலத்தை எட்டுவதற்குள் ஒரு லாரி அவனை முடித்துவிட்டது. அன்று காலையில், உடம்பு முடியவில்லை, எம்சி லீவு போடுகிறேன் என்று படுத்துக் கிடந்தவனை வாசுகிதான் எழுப்பினாள். சோம்பேறித்தனம், எழுந்து போடா என்று போர்வையை இழுத்தாள். இதை அவள் கணவனிடம் மட்டும், ஒரே ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு சோற்றைத் தொட்டும் தொடாமலும் பாதியாக இளைத்துப்போனாள்.

காரியம் முடிந்ததும் மூன்று வயது மகள் ஷர்மினியைத் தூக்கிக்கொண்டு தம்பியின் அறைக்கே படுக்கப் போய்விட்டாள். வீட்டிலேயே அங்கேதான் ஏர்கான் உண்டு. ஏர்கான் காற்றில் பிள்ளைக்குத் தொண்டை வறண்டது. விஜயன் சிங்கப்பூரிலிருந்து மருமகளுக்கென்று வாங்கி வந்த ஈரப்பத மெஷின் ஒன்று பிரிக்காமல் கிடந்தது. தண்ணீரை ஊற்றினால் மெல்லிய பனிபோல ஊதும். அதைச் சின்ன மேசையில் வைத்துக் குழாய்த் தண்ணீரை ஊற்றினாள். பக்கத்திலேயே மாலை போட்ட விஜயன் படம்.

மெஷினை வைத்த பத்தாம் நாள், படத்தின் கண்ணாடியில் மாவு சலித்தது போல வெள்ளை. வாசுகி அலறிக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி வந்திருக்கான்ங்க. அக்கா மேல கோபம் இல்லன்னு திருநீறு அனுப்பியிருக்கான்.”

மனோகரன் விரலால் தொட்டான். அந்த நரநரப்பு அவனுக்குத் தெரியாததா? பனி காற்றில் காய்ந்துபோகும், அதிலிருக்கிற சுண்ணாம்பு எங்கே போகும்? அலமாரிக் கண்ணாடியிலும் அதே வெள்ளைதான் இருந்தது. அங்கே இருந்ததைத் தூசி என்று துடைத்தவள், படத்தில் இருந்ததைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். சொல்லிவிடலாம் என்று அவன் வாயெடுத்தபோது, அவள் பசிக்கிறது என்றாள். தம்பி போன பிறகு முதல் தடவையாக. அன்று மூன்று தோசை சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டான்.

அப்புறம் சொல்லவும் வேண்டுமா? பக்கத்து வீட்டுப் பிரவீனா வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். இன்னும் நாலு பேர் வந்தார்கள். வாசுகி படத்தடியில் விழுந்ததைப் பால்மாவு டின்னில் சேர்த்து வைத்தாள். காலையில் குளித்ததும் பிள்ளை நெற்றியில் ஒரு கீற்று, இருமலுக்கென்று நாக்கில் ஒரு சிட்டிகை. படத்தை யாரும் துடைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நாளாக நாளாக விஜயன் முகம் மங்கி, கடைசியில் மாலைக்கு நடுவே வெறும் வெள்ளைதான் இருந்தது.

ஷர்மினிக்கு இருமல் முற்றி நெஞ்சு விசில் அடித்தது. கிளினிக் டாக்டர், வீட்டில் புகை, தூசி ஏதாவது உண்டா, சாம்பிராணி போடுகிறீர்களா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் வாசுகி. மனோகரன் தரையைப் பார்த்தான். பெற்ற பிள்ளை மூச்சுக்குத் திணறும்போது பேசாத வாய் என்ன வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். அப்போதும் பேசவில்லை.

குறுக்கு வழியில் போனான். கடைவரிசையில் காசு போட்டுப் பிடிக்கிற வடிகட்டிய தண்ணீரைப் போத்தலில் வாங்கி வந்து, இனி மெஷினுக்கு நானே ஊற்றுகிறேன் என்றான். அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. ஒரு வாரத்தில் பிள்ளையின் இருமல் தணிந்தது. வெள்ளையும் நின்றது.

வாசுகி காலையில் எழுந்ததும் படத்தடியில் தடவிப் பார்ப்பாள். விரலில் ஒன்றும் ஒட்டாது. விரதம் இருந்தாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். பிறகு மறுபடியும் சோற்றை ஒதுக்க ஆரம்பித்தாள். ஒரு மத்தியானம் மனோகரன் வேலையிலிருந்து வந்தபோது, தலைகூட வாராமல் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“என் தம்பி என்னை மன்னிக்கலங்க. மன்னிச்சது போல காட்டிட்டு, திரும்பிப் போயிட்டான்.”

செத்தவன் பேரில் இப்படி ஒரு பழி விழத் தன் மௌனமே காரணம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வேனுக்குப் போய், காலையில் ஒரு வீட்டு ஹீட்டரிலிருந்து கழற்றிய கம்பியை எடுத்து வந்தான். செய்தித்தாளை விரித்து, அவள் கண்ணெதிரே சுரண்டினான். வெள்ளை உதிர்ந்தது. பக்கத்தில் அவளுடைய பால்மாவு டின்னைத் திறந்து வைத்தான். தண்ணீர், மெஷின், முதல் நாள், போத்தல், எல்லாவற்றையும் சொன்னான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

அவள் இரண்டையும் மாறி மாறித் தொட்டாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“பாப்பா வாயில வச்சேனே,” என்றாள் முதலில். டின்னை மூடித் தள்ளி வைத்துவிட்டு, “அப்போ அவன் ஒண்ணுமே சொல்லலியா?” என்றாள்.

ஆமாம் சொன்னான் என்று சொல்ல அவன் நாக்கு துடித்தது. ஒரு பொய்யால் பட்டது போதும்.

“இல்ல வாசு. அது தண்ணிதான்.”

அவள் எழுந்து ஈரத்துணி கொண்டு வந்து படத்தைத் துடைத்தாள். மேலே இருந்த மாவு போயிற்று, அடியில் பொருக்காகப் பிடித்திருந்தது போகவில்லை. எலுமிச்சை போட்டால்தான் போகும் என்றான் மனோகரன். ஹீட்டருக்கு அவன் செய்கிற வைத்தியம் அது. அடுப்படியிலிருந்து பாதிப் பழத்தை எடுத்து வந்து அவளே தேய்த்தாள். முதலில் நெற்றி வந்தது. பிறகு கண், தூக்கம் கலையாத மாதிரி இருக்கிற அந்தக் கண். பிறகு ஓரத்தில் உடைந்த பல் தெரியச் சிரிக்கிற வாய். எத்தனையோ நாளாக இந்த முகத்தைப் பார்க்காமல்தான் அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

பழம் கையிலிருந்து விழுந்தது. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, அவனை எடுத்த அன்றுகூட அழாத அழுகை அழுதாள்.

“உன்னை எழுப்பியிருக்கக் கூடாதுடா தம்பி. உடம்பு முடியலன்னு சொன்னியே, நான் கேட்கலியே. அக்காவை மன்னிச்சிருடா.”

படம் பேசவில்லை. பேசும் என்று அவளும் இனி காத்திருக்கவில்லை. மனோகரன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தோளில் கையை வைத்துக்கொண்டான்.