ஃபிட்டரின் குரல் வீட்டிலேயே தங்கிவிட்ட விவரம்

சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவரின் குரல், ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, அவர் மனைவியின் தையல் மெஷின் மேலிருந்த போனை விட்டு இறங்கி வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்போது கப்பல் கரையிலிருந்து ஒன்பது நாள் தொலைவில் இருந்தது.

அதற்கு முன்பெல்லாம் கப்பலிலிருந்து பேசுவதென்றால் வாரம் ஒருமுறை, மூன்று நிமிடம். நலம் விசாரிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். கடைசியாக அவர் வந்துபோனபோது மகளுக்கு மூன்று வயது, இப்போது ஏழு. அப்பா என்றால் அவளுக்கு ஓர் இரைச்சலும், "சரி, வச்சுடறேன்" என்ற வார்த்தையும்தான். பிறகு கம்பெனி மலிவான இணைய அழைப்பைக் கொண்டுவந்தது. புதிதாக இணைப்பு எடுக்கும்போது மட்டும் கட்டணம். அதன்பின் எவ்வளவு பேசினாலும் கேள்வியில்லை. மற்ற மாலுமிகள் பேசி முடித்ததும் வைத்தார்கள். சிக்கனத்தில் புருஷனுக்குப் பெண்டாட்டி இளைத்தவளல்ல, இவர்கள் வைக்கவே இல்லை. அவர் வேலைக்குப் போனாலும் போன் தலையணைமேல் திறந்தே கிடக்கும். அவர் குறட்டை இங்கே கேட்கும். இங்கே குக்கர் விசிலடித்தால் அங்கே அவருக்குப் பசிக்கும். நாற்பத்தோராம் நாள் போன் சூடேறி அணைந்தது. "அந்தப் பாவாடைக்கு நீல நூல் போடாத" என்று சொல்லிக்கொண்டிருந்த குரல், நிற்காமல் அலமாரிப் பக்கம் நகர்ந்து மிச்சத்தையும் சொல்லி முடித்தது.

மனைவி முதலில் சந்தோஷப்பட்டாள் என்பதை மறைப்பதற்கில்லை. குரல் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, பால்காரரோடு வாயாடியது. ஐந்தாம் நாள் கப்பல் சமையல்காரர் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உன் வீட்டுக்காரர் வாயைத் திறக்குறாரு, காத்துதான் வருது."

"யாருடி போன்ல?" என்றது அலமாரி.

"அடப்பாவி! ஆளு இங்க, சத்தம் அங்கயா?"

விஷயம் விளையாட்டல்ல. இன்ஜின் அறையில் ஆபத்தென்றால் கத்த வேண்டும். வருகிற சனிக்கிழமை தீ ஒத்திகையில் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுக்காவிட்டால் கேப்டன் அவரை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார். பிறகு எந்தக் கப்பலும் ஏற்றாது. சமையல்காரரே வழியும் சொன்னார்: "போனைத் திறந்து வச்சுட்டு எல்லாரும் வெளிய போயிடுங்க. கேக்க ஆளில்லாத வீட்டுல எந்தக் குரலும் நிக்காது. ரெண்டு மணி நேரம் போதும்."

சனிக்கிழமை காலை மனைவி கதவைச் சாத்திவிட்டு மகளோடு தெருவில் நின்றாள். உள்ளே குரல் முதலில் அவளைக் கூப்பிட்டது, அப்புறம் மகளை, அப்புறம் "யாராவது இருக்கீங்களா" என்றது. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் குரல் நூலாய் மெலிந்து போனருகே போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மகள் கையை உதறி ஓடி, ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, "அப்பா, பதினேழும் எட்டும் எவ்வளவுப்பா?" என்றாள்.

"இருபத்தஞ்சுடா கண்ணு" என்றது குரல், ஜன்னலுக்கு அந்தப் பக்கமே வந்து நின்று, தெளிவாக.

சமையல்காரர் பிற்பாடு சொன்னபடி, ஃபிட்டரின் தொண்டையில் அப்போதுதான் எட்டிப் பார்த்த முனகல் அதே நிமிடம் நின்றுபோனது. மனைவி மகளை அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அவர் தாடியும் பையுமாக வந்து சேர்ந்தார். மகள் கதவைத் திறந்து, "அப்பா, யாரோ மாமா வந்திருக்காங்க" என்று உள்ளே திரும்பிச் சொன்னாள்.

"உட்காரச் சொல்லும்மா" என்றது குரல். அவர் உட்கார்ந்தார்.

இப்போது அவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அந்த இரைச்சலில் அங்கே யாரும் பேசுவதில்லை. மகள் அவரோடு கடைக்குப் போவாள், சந்தேகம் கேட்பது மட்டும் அலமாரியிடம். வீட்டுக்கு உறவினர் வந்தால் குரல் பேசும். அவர் நாற்காலியில் அமர்ந்து அதற்கேற்ப உதட்டை அசைப்பார். எவ்வளவு முயன்றாலும் அரை விநாடி பின்தங்கிவிடும். வந்தவர்கள் லைன் கொஞ்சம் ஸ்லோ போலிருக்கிறது என்று நினைத்து, அவர் முகத்தைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, டீயைக் குடித்து முடித்துப் போய்விடுவார்கள்.