பெட்டியில் விழாத குறிப்பேடுகள்

பொய்யாக ஊசி போடுவதற்கு எங்கள் ஆஸ்பத்திரியில் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இருபத்தாறு வருஷம் ஒழுங்காக ஊசி போட்டதற்குக் கிடைத்த மரியாதை அது.

ஒற்றைத் தலைவலிக்கு அக்குபங்சர் கேட்கிறதா இல்லையா என்று தொண்ணூற்றாறு பேரை வைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு உரிய இடத்தில், உரிய ஆழத்தில் ஊசி. மீதிப் பேருக்கு அந்த இடத்தைவிட்டு இரண்டு விரல் தள்ளி, தோலோடு தோலாகச் சும்மா ஒரு ஊசி. இரண்டில் ஏதோ ஒன்று கிடைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தோம். யாருக்கு எது என்பது ஆளுக்கொன்றாக ஒட்டி வந்த உறையைப் பிரிக்கும் எனக்கு மட்டும் தெரியும்.

நடத்தியவர் வென் கைச்செங். என்னைவிட ஒன்பது வயது இளையவர். கணக்கில் புலி, ஊசியைக் கையில் கொடுத்தால் பூனை.

"அக்கா, நிஜ ஊசியும் பொய் ஊசியும் ஒரே கையால விழணும். உங்க கைதான் இங்க நல்ல கை," என்றார்.

"நல்லாருக்கே. சமையல்காரியக் கூப்பிட்டு உப்பில்லாம சமைன்னு சொல்றியா?"

"உப்பாலதான் ருசியா, இல்ல சமையல்காரி சிரிச்சுக்கிட்டே பரிமாறுறதாலயான்னு பாக்கணும்ல."

அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் ஷாங்காயில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகளும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா, உன் ஊசி இல்ல, உன் வாய்தான் மருந்து." பெற்ற பெண் சொல்கிறாள். என் வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஊசியோடு போயிருக்கிறது. அது வெறும் வாய்ஜாலம் என்றால் நான் யார்? ஆராய்ச்சி முடிவு அச்சில் வரட்டும், அதை அவள் முகத்தில் விட்டெறியலாம் என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

விதிகள் கறாரானவை. நோயாளியிடம் ஊர்க்கதை பேசக் கூடாது. பொய் ஊசியைத் திருகக் கூடாது. முக்கியமாக, "பிடிச்சுதா?" என்று கேட்கவே கூடாது. உள்ளே போன ஊசியை லேசாகத் திருகினால் அந்த இடம் கனத்து, மரத்து, உள்ளுக்குள் இழுக்கும். அதைத்தான் ஊசி பிடிப்பது என்போம். எங்கள் ஊரில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோயாளிகள் தினமும் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போட ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் குறிப்பேடு கொடுத்தனுப்பினோம். வாரத்தில் மூன்று நாள் ஏழைத் தாண்டினால் அந்த ஆளை உடனே இரண்டாம் மாடி நரம்பு டாக்டரிடம் அனுப்பிவிட வேண்டும், ஆராய்ச்சி அப்புறம்தான். அடுத்த தடவை வரும்போது எழுதிய குறிப்பேட்டைப் போட வாசலில் ஒரு பூட்டிய பெட்டி. அதன் சாவி வென்னிடம்.

லெய் சியாவ்ச்சின் அக்டோபரில் வந்தாள். நாற்பத்து நாலு வயது. நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே புருஷனோடு முயல்தலைக் கடை நடத்துபவள். தின்ன வருகிறவர்களுக்கு மிளகாய் எண்ணெயில் ஊறிய முயல் தலைகளை நாள் முழுக்கப் பிளந்து கொடுத்துவிட்டு, தன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"பாவம் சும்மா விடுமா டாக்டரம்மா? எத்தன தலையப் பொளந்திருப்பேன்," என்று அவளே சிரித்தாள்.

அவளுடைய உறையில் வந்தது பொய் ஊசி.

முதல் இரண்டு தடவை பேசாமல் படுத்திருந்தாள். மூன்றாவது தடவை கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"டாக்டரம்மா, எம்மேல கோவமா?"

"எதுக்குக் கோவம்?"

"ஆறு வயசுலருந்து ஊசி போட்டுக்கறேன். எங்க தெருவுல பல் புடுங்கறவன் போட்டாக்கூடப் புடிக்கும். உங்க ஊசி புடிக்கவே மாட்டேங்குதே. பேரு பெத்த கைன்னாங்களேன்னு வந்தேன்."

பல் பிடுங்குகிறவன்! காது மடல் சூடேறியது எனக்கு. பதில் சொல்லாமல் வெளியே வந்தேன். விதியைக் காப்பாற்றிவிட்டேன். ஆனால் அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

நான்காவது தடவை அவள் முகம் வெளிறி வந்தாள். இடது கண்ணைத் திறக்கவே முடியவில்லை. நான் கதவைச் சாத்தினேன். பிடரியின் இரு பள்ளங்களிலும், காதுக்கு மேலும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலும் உண்மையான ஊசிகளை, உண்மையான ஆழத்துக்கு இறக்கித் திருகினேன்.

"அப்பாடி!" என்றாள். "இப்பப் புடிச்சுது பாருங்க!"

அதன் பிறகு அவளுக்குப் பொய் ஊசியே போடவில்லை. இரக்கத்தால் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி ரோஷம். இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஒவ்வொரு தடவையும் அவள் குறிப்பேட்டை இரண்டு கையாலும் நீட்டுவாள். நானும் இரண்டு கையாலும் வாங்கிப் பார்ப்பேன். ஏழு. ஐந்து. மூன்று. பிறகு ஒன்று. மூன்றாம் வாரம் வரிசையாகப் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! பொய் ஊசியில் அசையாத வலி, நிஜ ஊசியில் ஓடிவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாது, அச்சிலும் வராது. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. மகளோடு தொலைபேசியில் பேசும்போதுகூட அவள் கிண்டலுக்கு நான் கோபப்படவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டாள்.

நான்கு வாரத்தில் பன்னிரண்டாவது தடவையும் முடிந்தது. மேலும் ஒரு மாதம் குறிப்பேடு மட்டும் எழுத வேண்டும். அதில் இரண்டாவது சனிக்கிழமை, என் வீட்டுக்காரருக்கு முயல்தலை பிடிக்குமே என்று லெய்யின் கடைக்குப் போனேன். வாங்குவதெல்லாம் சாக்கு. அவள் ஓடியாடி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க ஆசை.

கல்லாவில் அவள் புருஷன் மட்டும் நின்றான்.

"லெய் எங்க?"

"உள்ள படுத்திருக்கா. தலைதான். மூணாவது நாளு." கையுறையைக் கழற்றியவன் அப்போதுதான் என்னை அடையாளம் கண்டான். முகம் மாறியது. "இல்ல, வந்து... சளிதான் டாக்டரம்மா. சளி."

உள்ளே போனேன். பின்கட்டில் வெளிச்சம் வராமல் ஜன்னலுக்கு அட்டை அடைத்திருந்தது. ஈரத்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் வாந்தி எடுக்க ஒரு வாளி. ஆணியில் குறிப்பேடு தொங்கியது. எடுத்துப் பார்த்தேன். அன்றைய தேதிக்கும் எழுதிவிட்டிருந்தாள். பூஜ்யம்.

"லெய், என்ன இது?"

குரல் கேட்டதும் எழுந்து உட்காரப் பார்த்தாள். முடியவில்லை.

"ஐயோ, நீங்க எதுக்கு இங்கெல்லாம் வந்தீங்க..."

"வலி எப்பத்துலருந்து?"

"எப்பவும் போலத்தான்."

"நடுவுல கொறஞ்சுதா? ஊசி புடிச்சுதே, அதுக்கப்புறமாச்சும்?"

கண்ணை மூடிக்கொண்டாள். "புடிச்சுது டாக்டரம்மா. நல்லாவே புடிச்சுது. அந்த ராத்திரி தூங்கினேன். மறுநாளு பழையபடி."

"அப்ப ஏன் பூஜ்யம் போட்ட?"

"நான் ஒரு வார்த்த சொன்னேன்னு நீங்க கதவச் சாத்திட்டு, வேர்க்க வேர்க்க எனக்காகப் போட்டீங்க. நோட்ட வாங்கினதும் முதல்ல உங்க கண்ணு அந்த நம்பருக்குத்தான் போவுது. ஏழ அஞ்சாக்கிக் குடுத்தேன், எப்படிச் சிரிச்சீங்க தெரியுமா? அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் எட்டுன்னு எழுதறது? அது உங்களக் கன்னத்துல அறையற மாதிரி இல்ல?"

உட்கார இடமில்லாமல் வாளிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அவள் உள்ளதை எழுதியிருந்தால் இரண்டாவது வாரமே நரம்பு டாக்டரிடம் போயிருப்பாள். ஒரு மாதத்துக்கு மேலாக அவளை இந்த இருட்டறையில் படுக்கவைத்திருந்தது என் சிரிப்பு.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாகிவிட்டது எனக்கு. யாரிடம் போய் அலறுவது? எதைச் சொன்னாலும் முதலில் என் திருட்டைச் சொல்ல வேண்டும். வாய் மூடியிருந்தால் கணக்கில் லெய் "பொய் ஊசியில் குணமானவள்" என்று ஏறுவாள். என் ஊசிக்கு எதிராகவே அவளுடைய பூஜ்யங்கள் சாட்சி சொல்லும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வாளியை எப்படிப் பொறுப்பது?

திங்கட்கிழமை காலை அவளை நானே இரண்டாம் மாடிக்குக் கூட்டிப்போய் நரம்பு டாக்டர் முன்னால் உட்காரவைத்தேன். "உள்ளதச் சொல்லு. எம்மூஞ்சியப் பாக்காத," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அங்கிருந்து நேராக வென்னின் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பத் துடைத்தார்.

"ஒருத்தர்னா கணக்குலருந்து எடுத்துட்டு, ஏன் எடுத்தோம்னு எழுதிரலாம். அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவ நோட்ட உங்க கையில குடுத்தாளா?"

"ஆமா."

"மத்தவங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "எல்லாரும் எங்கிட்டதான் குடுப்பாங்க. டாக்டர் எதுர நிக்கும்போது அவரத் தாண்டிப் போய்ப் பெட்டியில போடுவாங்களா? மரியாதையா இருக்குமா?"

"நீங்க பாத்தீங்களா?"

"ரெண்டு கையால நீட்டறாங்க. பாக்காம எப்படி வாங்கறது? பாத்துட்டு, ரெக்கார்டு ரூம்ல குடுத்துருவேன்."

வென் எழுந்து வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டும் கொஞ்சம் சூரியகாந்தி விதைத் தோலும் கிடந்தன. எட்டு மாதமாக ஒரு குறிப்பேடுகூட அதில் விழவில்லை. அவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. குறிப்பேடுகள் எப்படியோ வந்துசேர்கின்றன என்று இருந்துவிட்டார். என்னைக் கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருப்பார், அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

"தொண்ணூத்தாறும் போச்சு," என்றார்.

"அப்ப என் ஊசி? அது கேக்குதா, கேக்கலையா?"

"தெரியலக்கா. அது நம்ம யாருக்குமே தெரியல. இனிமேதான் பாக்கணும்."

வாசலிலேயே அழுதேன். அவர் சூரியகாந்தித் தோலைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். வேறென்ன செய்வார், பாவம்.

நடந்ததை மறைக்காமல் மேலிடத்துக்கு எழுதினார். ஆராய்ச்சி முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை ஊசி போடுவது நகரத்தின் மறுகோடியில் வேறொரு ஆஸ்பத்திரியில், வேறு டாக்டர்கள். குறிப்பேடு கிடையாது. தினமும் தொலைபேசியில் கேட்டு எழுத வேண்டும். கேட்பவர் நோயாளி முகம் பார்த்திராத ஆளாக இருக்க வேண்டும். ஊசி அறையில் எனக்கு இடமில்லை என்று வென் தயங்கித் தயங்கிச் சொன்னார். தொலைபேசி வேலையை நானே கேட்டு வாங்கினேன். லெய் இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். மாதத்தில் பாதி நாள் கடையில் நிற்கிறாளாம். மீதிப் பாதியைப் பற்றிக் கேட்டால் அவள் புருஷன் இப்போது சளி என்று மழுப்புவதில்லை.

முதல் நாள், முதல் அழைப்பு. யாரோ லாரி ஓட்டுகிறவர்.

"ஆராய்ச்சிப் பிரிவுலருந்து பேசறேங்க. இன்னிக்கு வலி எவ்வளவு? பூஜ்யத்துலருந்து பத்துக்குள்ள சொல்லுங்க."

"நீங்க யாரும்மா?"

"உங்களத் தெரியாதவங்க. பேரு வேண்டாம்."

"எங்க டாக்டர் அங்க பக்கத்துல இருக்காரா?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமா. நீங்க சொல்றது அவருக்குப் போகாது."

குரலைத் தாழ்த்தினார். "அப்ப எட்டுன்னு எழுதிக்கங்க. அவருகிட்ட மூணுன்னுட்டேன். நல்ல மனுஷன், ரொம்ப மெனக்கெடறாரு."

எட்டு என்று எழுதினேன். "சரிங்க, நன்றி," என்று சொல்ல வேண்டும், அதுதான் விதி. வாய் வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை எட்டுகள் என் எதிரே வந்து, என் முகத்தைப் பார்த்து மூன்றாகி, இரண்டு கையாலும் நன்றி சொல்லிவிட்டு, வலியோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கின்றன!

"அம்மா, இருக்கீங்களா?" என்றார் அவர்.

"இருக்கேன்," என்றேன். "எட்டுதானே? எழுதிக்கிட்டேன்."